பாட்டு இருக்கிறது; பேச்சு எங்கே?

நாற்பது, ஐம்பது அகவையைக் கடந்த நம்மவரிடையே இக்கால் ஓர் ஏக்கம் பரவியுள்ளது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகளின்மேல் கொண்ட ஏக்கம் அது. அற்றைத் திரைப்பாடல்களை மட்டுமே பாடும் இசைவிழாக்கள் என்ன, அற்றைச் சுவரொட்டிகளைச் சுவரெல்லாம் ஒட்டி ஆள் அழைக்கும் உணவகங்கள் என்ன, கமர்க்கட்டையும் தேன்மிட்டாயையும் கண்ணாடிப் புட்டியிலிட்டுப் பன்மடங்கு விலைக்கு விற்கும் கடைகள் என்ன! 2008இல் வெளிவந்த 'சுப்பிரமணியபுரம்' 1980ஆம் ஆண்டின் மதுரையைத் திரையில் எழுப்பிக் காட்டிற்று. அதன் பின்னர், பழம்பாட்டு ஒன்றை இடையே ஒலிக்கவிட்டுக் கைதட்டு வாங்குவது திரைத்துறையாரின் எளிய வழியாகிவிட்டது. நினைவும் விலைப்பொருளாகும் என்பதை வணிகர் நன்கறிந்துகொண்டனர்.

இவ்வேக்கத்தை இழிவென்று நாம் தள்ளவில்லை. இளமையை நினைந்து உருகுவது மாந்த இயல்பு. கோலூன்றித் தளர்ந்து, இருமலுக்கு இடையே சில சொற்களே பேசவல்ல முதுமையில், நீர்த்துறை மரத்தினின்று ஆழ்மடுவில் குதித்து அடிமணலை அள்ளிக்காட்டிய தம் சிறுபருவத்தை நினைந்து இரங்கிய ஒரு புலவரின் பாட்டு புறநானூற்றில் 243ஆம் பாட்டாக நிற்கின்றது. அவர்தம் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. தம் ஊன்றுகோலைக் குறித்து அவர் ஆண்ட தொடரே தொடித்தலை விழுத்தண்டினார் என்று அவர்க்குப் பெயராய் நிலைத்துவிட்டது. சொல்லால் பெயர் பெற்ற முன்னோரின் வழிவந்தவர் நாம். ஆகலின், எண்பதுகளை நினைந்து ஏங்குவோரை நோக்கி நாம் கேட்பது இது ஒன்றே: நீங்கள் ஏங்குவது இழந்த பொருளுக்கா? இழக்காத பொருளுக்கா?

பாட்டை எவரும் இழக்கவில்லை. 1980 முதல் 1989 முடிய வெளிவந்த தமிழ்த் திரைப்பாடல்களுள் நாம் விரும்புவனவெல்லாம் கைப்பேசியில் விரல் பட்டவுடன் ஒலிக்கின்றன. அற்றை நாளில் ஒரு பாட்டைக் கேட்க ஒரு கிழமை காத்திருந்தவன், இன்று அதே பாட்டை ஒரே நாளில் நூறு முறை கேட்கலாம். கையில் இருக்கும் பொருளுக்குக் கண்ணீர் எதற்கு? போனது வேறொன்று. போனது எது என்று தெரியாமலேயே அழுகிறார்கள். அதுதான் இரங்கத்தக்கது.

அதற்கு வருமுன் பெயரைப் பற்றி ஒரு சொல். இவ்வேக்கத்தார் தம்மை 'எய்ட்டீசு கிட்சு' என்று அழைத்துக்கொள்கின்றனர். தமிழில் விளையாடித் தமிழில் அடிபட்டுத் தமிழில் அழுது வளர்ந்தவர்கள், அப்பருவத்திற்கு இடும் பெயரை மட்டும் ஆங்கிலத்தினின்று இரந்து வாங்குகின்றனர். 'எண்பதுகளின் பிள்ளைகள்' என்று சொன்னால் நா சுளுக்கிக்கொள்ளுமா? சிற்றூர்ப் பள்ளியில் கற்பலகையும் கையுமாய்த் திரிந்த அற்றைப் பிள்ளையிடம் போய் 'நீ ஒரு கிட்' என்று சொல்லியிருந்தால், தன்னை எவனோ வைகிறான் என்றே அவன் எண்ணியிருப்பான்.

இந்தப் பெயர்த் தடுமாற்றம் இன்று பிறந்ததன்று என்பதையும் ஒளிக்க வேண்டுவதில்லை. இளையராசா 1986இல் வெளியிட்டு, தியாகராசருக்கும் செருமானிய இசையறிஞர் பாக்குக்கும் காணிக்கையாக்கிய இசைத்தொகுப்பு, 'இதற்கு எங்ஙனம் பெயரிடுவது?' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பைத் தாங்கி வந்தது. கேள்வி நல்ல கேள்விதான், தமிழில் கேட்டிருக்கலாம். ஆண்டுதோறும் திசம்பர் 31 நள்ளிரவில் தெருத்தெருவாய் முழங்குகின்ற, 1982ஆம் ஆண்டின் 'சகலகலா வல்லவன்' படத்துப் பாட்டும் ஆங்கில வாழ்த்தோடுதான் தொடங்குகின்றது. எண்பதுகள் தூய தமிழ்ப் பொற்காலம் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வோர் அக்காலத் திரைப்பட உரையாடல்களை மீண்டும் ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.

ஆயினும், அற்றைப் படப்பெயர்களைப் பாருங்கள். வறுமையின் நிறம் சிவப்பு (1980), அலைகள் ஓய்வதில்லை (1981), மூன்றாம் பிறை (1982), மண்வாசனை (1983), ஊமை விழிகள் (1986). இப்பெயர்களை இடுமாறு எச்சட்டமும் வற்புறுத்தவில்லை. எவ்வரிவிலக்கும் கைநீட்டி அழைக்கவில்லை. மக்களுக்குப் படம் காட்டுபவன் மக்கள் மொழியில் பெயர் வைப்பான் என்பதே இயல்பாயிருந்தது. 2006இல் தமிழ்ப்பெயர் கொண்ட படங்களுக்குக் கேளிக்கை வரி இல்லை என்று தமிழக அரசு அறிவித்த பின்னரே 'எம்டன் மகன்' 'எம் மகன்' ஆனான். வரிக்கழிவுக்காகத் தமிழனாவதை என்னென்பது! சிவகாசியினின்று வந்த படக்கதைப் பொத்தகங்கள்கூட அயல்நாட்டுக் கதைத்தலைவனை 'இரும்புக்கை மாயாவி' என்று பெயர்மாற்றி அழைத்து வந்தன. அவனுக்கு அப்பெயர் 1972இலேயே வாய்த்துவிட்டது. 'மாயாவி' யாருடைய சொல் என்று நம் சொல்லாய்வறிஞர் வழக்காடுக. பத்து அகவைப் பிள்ளைக்குப் பெயர் விளங்க வேண்டும் என்று எண்ணிய அப்பதிப்பாளரின் நெஞ்சை நாம் வணங்குகிறோம்.

இனி, உண்மையில் இழந்த பொருளுக்கு வருவோம். அஃது இரண்டு பாட்டுகளுக்கு இடையில் இருந்தது.

1952இல் நடுவணரசின் செய்தி ஒலிபரப்புத் துறைக்கு அமைச்சராக வந்த கேசுகர், திரைப்பாடல் தரங்குறைந்தது என்று கருதி, அனைத்திந்திய வானொலியில் அதற்குக் கதவடைத்தார். அடைத்த கதவுக்கு வெளியே நின்ற மக்கள் வேறு வாயிலைத் தேடினர். இலங்கை வானொலி திறந்திருந்தது. தில்லி விழித்துக்கொண்டு 1957 அத்தோபர் 3ஆம் நாள் 'விவித பாரதி' என்று ஒன்றைத் தொடங்குவதற்குள், தமிழ்நாட்டுக் காதுகள் கொழும்பின் பக்கம் திரும்பிவிட்டன. அவை எண்பதுகளிலும் அங்கேயே இருந்தன.

இருநிலையத்தார் இட்ட பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி என்று 1956இல் சட்டம் செய்த நாட்டின் வானொலியிலிருந்து காலையில் 'பொங்கும் பூம்புனல்' வந்தது. 'இசையும் கதையும்' வந்தது. 'பாட்டுக்குப் பாட்டு' வந்தது. தமிழ்நாட்டின் தலைநகரிலிருந்தோ 'விவித பாரதி' வந்தது. தில்லியினின்று நாள்தோறும் வந்த தமிழ்ச்செய்தி 'ஆகாசவாணி' என்று தொடங்கிற்று. அச்செய்தியை வாசித்தவருள் பெரும்பெயர் பெற்ற சரோசு நாராயணசாமியின் குரலையும் பலுக்கலையும் நாம் குறை கூறோம். 2022இல் அவ்வம்மையார் மறைந்தபோது தமிழுலகம் வருந்தியது முறையே. குறை, அவர் வாயில் தில்லி வைத்த முதற்சொல்லில் இருந்தது.

கொழும்பு நிலையத்தின் தமிழ் சிங்கள அரசின் அருளால் வந்ததன்று. அங்கமர்ந்து உழைத்த ஈழத்தமிழரும் தமிழ் பேசும் முசுலிம்களும் ஈட்டித் தந்தது அது. கே. எசு. இராசாவின் மின்வெட்டுப் போன்ற விரைவையும், அவ்விரைவிலும் ஓர் எழுத்துச் சிதையாத திறத்தையும் கேட்டோர் மறவார். இராசேசுவரி சண்முகத்தின் குரல் பல்லாயிரம் வீடுகளில் உறவினர் குரலாகவே இருந்தது. அப்துல் அமீதின் வாயில் ழகரமும் ளகரமும் லகரமும் தத்தம் இடத்தில் நின்றன. அவர் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' பொழுதுபோக்குத்தான். ஆனால் ஒருவர் விட்ட இடத்து எழுத்தைப் பற்றிக்கொண்டு அடுத்தவர் பாடவேண்டும் என்னும் அதன் முறை நம் அந்தாதி மரபின் பேரப்பிள்ளை அன்றோ? எழுத்து இன்னதென்று பிரித்தறியாதவன் அவ்விளையாட்டில் நிற்க முடியாது. தமிழாசிரியர் பிரம்பால் கற்பிக்க முயன்றதை ஒலிவாங்கியின் முன்னிருந்து சிரித்துக்கொண்டே கற்பித்தவர்கள் அவர்கள்.

அவர்கள் தனித்தமிழ் இயக்கத்தார் அல்லர். 'நேயர்' என்றார்கள், வடசொற்கள் பலவற்றை ஆண்டார்கள். விளம்பரங்களில் ஆங்கிலப் பெயர்களும் வந்தன. ஆனால் ஒரு சொற்றொடரைத் தொடங்கினால் ஆங்கிலத்தின் கையைப் பற்றாமல் அதனை முடிக்க வல்லவராயிருந்தனர். இது சிறிய செய்தி போலத் தோன்றும். தையற்கடையிலும் தேநீர்க்கடையிலும் முடிதிருத்தகத்திலும் ஊராட்சி வானொலியின் அடியிலும் நாள்முழுதும் கேட்டவன் ஒரு பொருளும் செலவின்றிச் செம்மையான பேச்சுத்தமிழைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தான் என்பதை எண்ணிப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர்க்கு அதுவே பள்ளி. தம் ஊர்ப்பெயரையும் தம் வீட்டார் பெயரையும் அக்குரல் திருத்தமாக ஒலிப்பதைக் கேட்பதற்காகவே அஞ்சல் எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தோர் எத்துணைப் பேர்! இற்றைத் தனியார் பண்பலைகளில் அதே பாட்டுகள் வருகின்றன. பாட்டு முடிந்ததும் வருகின்ற பேச்சைக் கேட்க முடிகிறதா? தமிழும் இல்லாமல் ஆங்கிலமும் இல்லாமல், மூச்சு விடவும் இடமில்லாமல் ஓர் இரைச்சல். 'பண்பலை' என்னும் அழகிய சொல்லைத் தந்தவர்க்கு நாம் செய்யும் கைம்மாறு இது!

அந்தப் பேச்சு ஏன் நின்றது என்பதையும் இவ்வேக்கத்தார் எண்ணுவதில்லை. நாம் 'பொங்கும் பூம்புனல்' கேட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான் 1981 மே இறுதி இரவில் யாழ்ப்பாண நூலகம் தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1983 சூலையில் கொழும்புத் தெருக்களில் தமிழர் வேட்டையாடப்பட்டனர். நம் வீட்டுக் கூடத்தில் நாம் கேட்டு மகிழ்ந்த குரலுக்குரியவர் அந்நகரிலேதான் இருந்தார். கே. எசு. இராசா 1989இல் கொலையுண்டார். எண்பதுகளைக் கொண்டாடும் மேடைகளில் இவை பேசப்படுவதில்லை. பாட்டை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு, அதனைச் சுமந்து வந்த குரலைக் கடலிலே விட்டுவிட்டோம்.

தொலைக்காட்சியிலும் இதே கதைதான், சற்றுக் கசப்பு மிகுதியாக. சென்னை நிலையம் 1975 ஆகத்து 15இல் தொடங்கிற்று. வெள்ளிக்கிழமை மாலையின் 'ஒளியும் ஒலியும்' என்னும் பெயர் எத்துணை எளிமை, எத்துணை இனிமை! கருவி வைத்திருந்த ஒரு வீட்டின் முன்னே தெருவே திரண்டது. (எல்லாத் தெருவினரும் எல்லா வீட்டுக்கும் போய்விட முடியவில்லை என்பதையும், பலகணிக்கு வெளியே நின்று பார்த்தவர் யார், உள்ளே பாயில் அமர்ந்தவர் யார் என்பதையும் இன்று இனிக்க இனிக்க எழுதுவோர் எழுதுவதில்லை.) ஆனால் 1982 ஆகத்து 15 முதல் தில்லியின் நாட்டளாவிய ஒளிபரப்பு நம் இரவுகளைப் பிடித்துக்கொண்டது. இந்தித் தொடர்கள் வந்தன. 1987 சனவரி 25 தொடங்கி ஞாயிறுதோறும் காலையில் இந்தி இராமாயணம் வந்தது. 1988 அத்தோபர் 2 முதல் இந்தி மாபாரதம் வந்தது. கம்பன் பிறந்த நாட்டார், இராமன் இந்தி பேசுவதைப் பொருள் விளங்காமலே வாய்பிளந்து பார்த்தனர். 1986இல் இந்தித் திணிப்பை எதிர்த்து அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பகுதியை எரித்தமைக்காகப் பேராசிரியர் க. அன்பழகன் உள்ளிட்ட தி.மு.க. சட்டமன்ற உறுப்பினர் பதின்மர் பதவி பறிக்கப்பட்டனர். அடுத்த ஆண்டே அந்த ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. எதிர்ப்பு தெருவில் நடந்தது. இந்தி கூடத்தில் வந்து அமர்ந்தது. இன்று அந்த ஞாயிற்றுக் காலைகளை நினைத்து உருகுவோரே, எந்த மொழி உங்கள் கூடத்தில் அமர்ந்திருந்தது என்பதையும் சேர்த்து நினையுங்கள்.

பழைய நிலையத்தின்மேல் அன்பு என்கிறார்களே, அவ்வன்பு எங்கே போயிற்று என்று கேட்கவேண்டிய நாளும் வந்தது. அதே சென்னை நிலையத்தின் அலைவரிசைக்குப் பின்னாளில் வாய்த்த அருமைப் பெயர் 'பொதிகை'. தமிழ் பிறந்ததாக நம் முன்னோர் போற்றிய மலையின் பெயர். 2024 சனவரியில் அப்பெயரை நீக்கி 'டிடி தமிழ்' என்றாக்கினர். தமிழ் என்னும் சொல்லைச் சேர்த்துத் தமிழ்ப்பெயரை எடுத்துவிட்ட கைத்திறத்தைப் பாருங்கள். அதே ஆண்டு அத்தோபர் 18ஆம் நாள் அந்நிலையத்திலேயே இந்தி மாத நிறைவு விழாவும் நடந்தது. அவ்விழாவில் பாடிய தமிழ்த்தாய் வாழ்த்தில் ஓரடி விடுபட்டுப் போயிற்று. அதற்கு முந்திய ஆண்டு, 2023 மே மாதம், வானொலியை எங்கும் 'ஆகாசவாணி' என்றே குறிக்க வேண்டும் என்று ஆணை வந்தது. அரசியல் தலைவர்கள் அறிக்கை விட்டனர். எண்பதுகளின் பிள்ளைகள் என்ன செய்தனர்? பழைய வானொலிப் பெட்டியின் படத்தை ஒருவர்க்கொருவர் அனுப்பி மகிழ்ந்தனர். பெட்டியை நினைத்தார்கள், பெட்டி தன்னை என்னவென்று சொல்லிக்கொண்டது என்பதை மறந்தார்கள்.

இந்நிலையில் ஒரு வாய்ப்பு எஞ்சியிருக்கிறது. அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

பிலிப்சு நிறுவனம் 1963இல் கொணர்ந்த ஒலிநாடாப் பேழை, எண்பதுகளில் தமிழ்நாட்டின் சிற்றூர்வரை வந்து சேர்ந்தது. மக்கள் அதனைக் 'கேசட்டு' என்றனர். அறுபது மணித்துளி, தொண்ணூறு மணித்துளி என இருவகை பெருவழக்கு. பாட்டுகளின் பட்டியலை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் பதிவு செய்து தரும் கடை ஊருக்கு ஊர் இருந்தது. அதற்கும் காசில்லாதவர் வானொலியும் பதிவியும் ஒன்றாயமைந்த கருவியைக் கொண்டு, இலங்கை வானொலியினின்று நேரே பதிந்துகொண்டனர். பாட்டு எப்பொழுது தொடங்கும், எப்பொழுது முடியும் என்று பொத்தானின்மேல் விரலை வைத்துக் காத்திருப்பர். அறிவிப்பாளரின் குரல் பாட்டின்மேல் விழுந்துவிட்டால் 'கெட்டுப்போயிற்று' என்று நொந்துகொள்வர். குரலை வெட்டி எறிந்து பாட்டை மட்டும் வைத்துக்கொள்ளவே எல்லாரும் முயன்றனர். அக்காலத்தில் அது குற்றமன்று. நாளை மறுபடியும் அக்குரல் வரும் என்றே நம்பினர்.

வெட்டத் தவறிய நாடாக்கள் இருக்கின்றன. கை தவறியவை, உறங்கிப்போனவன் நிறுத்த மறந்து ஒரு பக்கம் முழுதும் ஓடித் தீர்ந்தவை, தன் பெயரை வாசிப்பார்கள் என்று நம்பி ஒருவன் முழுமையாகப் பதிந்து வைத்தவை. பரணிலும் இரும்புப் பெட்டியிலும் தகர உருளையிலும் அவை கிடக்கின்றன. அவற்றில் உள்ள பாட்டு எங்கும் கிடைக்கும். அப்பாட்டின் முன்னும் பின்னும் உள்ள அரை மணித்துளிப் பேச்சு வேறெங்கும் கிடைக்காது. நாட்பட நாட்பட நாடாவின் பூச்சு உதிர்கின்றது. ஈரம் புகுந்து பூஞ்சை படர்கின்றது. வீடு மாற்றும்போதும், பெரியவர் மறைந்தபின் வீட்டைத் துப்புரவு செய்யும்போதும் முதலில் குப்பைக்குப் போவது அப்பெட்டிதான்.

ஆகவே, அன்பர்களே, இவ்விதழைப் படிப்போர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலும் உறவினர் வீட்டிலும் தேடுக. கிடைத்த நாடாவில் எழுதியிருப்பதை அழிக்காமல், எவர் எவ்வூரில் எந்த ஆண்டு பதிந்தது என்று கேட்டுத் தாளில் குறித்து வைக்க. பேழையினுள் நாடாவை அழுத்தும் சிறு பஞ்சுத் துண்டு உதிர்ந்திருந்தால் ஓடவிடாமல், அறிந்தவரிடம் கொடுத்து வேறு பேழைக்கு மாற்றுக. பின்னர்க் கணினியில் ஏற்றுங்கால், பாட்டைத் தனியே பிரித்துப் பேச்சை வெட்டும் வேலை வேண்டா. தொடக்கம் முதல் முடிவு வரை, இடையில் பிள்ளை அழுதாலும் நாய் குரைத்தாலும், உள்ளது உள்ளவாறே பதிக. ஈழத்து ஆவணங்களை 2005 முதல் இணையத்தில் தொகுத்துவரும் 'நூலகம்' அமைப்பினரையும், சென்னையிலுள்ள ரோசா முத்தையா ஆய்வு நூலகத்தையும் அணுகி, அவர்கள் ஏற்பார்களா என்று உசாவலாம். தொண்ணூறு மணித்துளி நாடா அறுபதினும் மெல்லியது. விரைந்து சுழற்றினால் அறுந்துவிடும். முதலில் அதன் பற்சக்கரத்தில் ஒரு கரிக்கோலைச் செருகி, கையாலேயே மெல்லச் சுற்றித் தளர்வை நீக்கிக்கொள்க.